துறைமுகத்துக் குட்டை எஞ்சின்கள்: பாணிகளும் தராதரமும்

ரயில் எஞ்சின் என்றாலே நம்மவர்கள் கேட்கிற முதல் கேள்வி, என்ன வேகம் போகும் என்பதுதான். துறைமுகத்தில் ஷண்டிங் (வேகன்களை இடம் மாற்றிச் சேர்க்கிற வேலை) பார்த்த நீராவி எஞ்சினிடம் அந்தக் கேள்வி எடுபடாது. ஆள் நடக்கிற வேகத்தைத் தாண்டும் வேளை அதற்கு எப்போதாவதுதான் வாய்க்கும். எத்தனை நெருக்கமான வளைவில் திரும்புகிறது, சொன்ன இடத்தில் நிற்கிறதா, நிற்கிற வேகன்களைக் குலுக்காமல் கிளப்புகிறதா, பாலம் தாங்குகிற எடையில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் துறைமுகக்காரர்கள் ஓர் எஞ்சினை நல்லது என்றார்கள், ஆகாதது என்றார்கள். பிரிட்டனில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் வேர்விட்டு பெரும்பாலும் 1960-கள் வரை நீடித்த இந்த மரபை அவர்கள் கண்கொண்டே பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

கப்பலை ஒட்டிக் கிரேன், கிரேனுக்குப் பின்னால் கிடங்கு, இரண்டுக்கும் நடுவே கிடைத்த சந்தில் தண்டவாளம். கிடங்கின் முனைக்கு வந்ததும் பாதை சட்டென்று மடங்கும். நீளமான எஞ்சின் அங்கே தடம் புரளும். ஆகவே முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தைக் குறைப்பது முதல் விதி ஆயிற்று. லங்காஷயர் அண்டு யார்க்‌ஷயர் ரயில்வே, லிவர்பூல், கூல், ஃப்ளீட்வுட் போன்ற துறைமுகங்களுக்காக 1891 முதல் 1910 வரை தன் ஹார்விச் பட்டறையில் கட்டிய 'பக்' என்று செல்லமாக அழைக்கப்பட்ட 57 குட்டை எஞ்சின்களில் அந்தத் தூரம் 5 அடி 9 அங்குலம்தான். நல்ல உயரமான ஆள் குறுக்கே படுத்தால் இரண்டு அச்சிலும் முட்டிக்கொள்வார். எடை 21 டன் சொச்சம், சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய 3 அடி. சின்னச் சக்கரம் வேகத்துக்கு ஆகாது. நின்ற நிலையிலிருந்து பாரம் இழுக்க அதுதான் தோது.

தண்ணீரை எங்கே வைப்பது என்பதில் பெரும்பாலோர் ஒரே முடிவுக்கு வந்தார்கள். பாய்லரின் முதுகில் சேணமாகக் கவிழ்த்த தொட்டி, அதாவது சேடில் டேங்க். தண்ணீரின் பாரம் சக்கரங்களின் மேலேயே இறங்குவதால் தண்டவாளத்தில் பிடிப்பு கூடும். பக்கங்கள் திறந்திருப்பதால் எண்ணெய்க் கேனோடு வருகிறவர் கை நுழைத்து இயங்குறுப்புகளைத் தொட முடியும். குறையும் உண்டு. தண்ணீர் தீரத் தீர எடை குறைந்து, மழை நாளில் சக்கரம் வழுக்கிச் சுற்றும். தொட்டி முன்பக்கத்தை மறைப்பதால், டிரைவர் பெரும்பாலும் தலையை வெளியே நீட்டித்தான் தரையில் நிற்கும் ஷண்டிங் ஆளின் கைச்சைகையைப் பார்த்தாக வேண்டும்.

மோதலைத் தாங்க முகப்பில் வைக்கும் பஃபர் சமாசாரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சாதாரண எஞ்சின்களுக்கு வட்டத் தலை கொண்ட ஸ்பிரிங் பஃபர் இருக்கும். கடும் வளைவில் எஞ்சினின் பஃபரும் வேகனின் பஃபரும் ஒன்றையொன்று நழுவித் தாண்டி, பின்பக்கமாக மாட்டிக்கொள்ளும். வளைவு நிமிரும்போது இரண்டும் விடுபட மறுத்து, எடை குறைந்த காலி வேகனைத் தண்டவாளத்திலிருந்து தூக்கிவிடும். அதைத் தவிர்க்கத்தான் பல துறைமுக எஞ்சின்களின் முகப்பில் ஸ்பிரிங்கே இல்லாத அகலமான மரக்கட்டைகள் வைத்தார்கள். பார்க்க அவலட்சணம். ஆனால் நழுவாது. இந்தக் கட்டைகளைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்குத் துறைமேடை என்றால் என்னவென்று தெரியாது.

கட்டியவர்களில் மூன்று ஊர்க்காரர்களைத் தனித்துச் சொல்ல வேண்டும். லீட்ஸ் நகரின் ஹன்ஸ்லெட் பேட்டையில் மேனிங் வார்டில் (1858), ஹட்ஸ்வெல் கிளார்க் (1860), ஹன்ஸ்லெட் (1864) ஆகிய பட்டறைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இருந்தன. ஆள்களும் வரைபடங்களும் ஒரு பட்டறையிலிருந்து இன்னொன்றுக்குப் போவது அங்கே புதிதில்லை. இவர்களிடம் கைக்கு அடங்குகிற எஞ்சின் வாங்கியவர்களில் துறைமுகத்தையும் கால்வாயையும் தோண்டிய ஒப்பந்தக்காரர்கள் பலர். மான்செஸ்டர் கப்பல் கால்வாயைத் தோண்ட ஓடிய எஞ்சின்கள் மட்டும் 170-க்கு மேல். 1894-ல் கால்வாய் திறந்த பிறகு அதற்கென்று அமைந்த ரயில்வே, பிரிட்டனிலேயே மிகப் பெரிய தனியார் ரயில்வே ஆயிற்று. அது ஹட்ஸ்வெல் கிளார்க்கிடம் வாங்கியவை ஆறு சக்கர எஞ்சின்கள். அங்கே தூரம் அதிகம், பாரம் அதிகம். அவற்றில் பலவற்றுக்குக் கப்பல் போய் வந்த ஊர்களின் பெயரையே வைத்தார்கள்: ஹாம்பர்க், கோத்தன்பர்க்.

ஸ்காட்லாந்தில் கில்மார்னாக் ஊரின் ஆண்ட்ரூ பார்க்ளே பாணி வேறு. முதல் எஞ்சின் 1859-ல். அலங்காரம் கிடையாது, முரட்டு உழைப்பு, எந்த ஊர்க் கொல்லரும் பழுது பார்க்கலாம். அதே நாட்டில் நார்த் பிரிட்டிஷ் ரயில்வே, கிளாஸ்கோவின் நீல்சன் கம்பெனி மாதிரியில் 1882 முதல் 38 பக்குகளை ஓட்டியது. கரி வைக்கவே அவற்றில் இடம் போதாது. அதற்காக ஒரு சின்ன மர வண்டியைப் பின்னால் நிரந்தரமாகக் கட்டி இழுத்துத் திரிந்தன. குட்டையாக வேண்டும் என்று செய்துவிட்டுப் பின்னால் வாலைச் சேர்த்த இந்தத் தீர்வு எனக்கு ஒருபோதும் ஒப்பவில்லை.

என் ஓட்டு பிரிஸ்டல் ஊரின் பெக்கெட்டுக்குத்தான். ஃபாக்ஸ் வாக்கர் பட்டறையை எடுத்துக்கொண்டு 1880-களில் தொடங்கிய இந்தக் கம்பெனி, அளவுகளை முன்கூட்டியே வகுத்து, எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர் சூட்டி, வாடிக்கையாளர் வரும் முன்பே எஞ்சின்களைக் கட்டி வைத்தது. துறைமுகத்தில் ஒன்று படுத்துவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். உதிரிப்பாகமும் உடனே பொருந்தும். இத்தனை கறாராகத் தரப்படுத்தியவர்கள் புகைபோக்கிக்குச் செப்பு வளையமும் உடம்புக்குப் பச்சை வண்ணமும் கோடுகளும் போட்டு அனுப்பினார்கள். மூட்டை முடிச்சுக்கு நடுவே உழைக்கப்போகிற எஞ்சினுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். நான் கேட்க மாட்டேன்.

பெரிய ரயில்வேக்கள் தங்கள் துறைமுகங்களுக்குத் தாங்களே வடிவமைத்தன. 1891-ல் வில்லியம் ஆடம்ஸ் வரைந்த பி4 வகை எஞ்சின்கள்தான் சவுத்தாம்ப்டனில் நெடுங்காலம் கோலோச்சின. நார்மண்டி, கிரான்வில், ஹான்ஃப்ளூர் என்று ஆங்கிலக் கால்வாய்க்கு அக்கரைப் பெயர்கள் அவற்றுக்கு. வெய்மத்தில் கதையே வேறு. கப்பலுக்குப் போகும் பயணிகள் ரயில் 1889 முதல் ஊர்த் தெருவிலேயே ஓடியது. கிரேட் வெஸ்டர்ன் கட்டிய குட்டை எஞ்சின் மணியடித்துக்கொண்டு நகர, கொடி பிடித்த ஆள் முன்னால் நடப்பார். தண்டவாளத்தை ஒட்டி யாராவது காரை நிறுத்திவிட்டுப் போயிருந்தால், நாலு பேர் சேர்ந்து அதைத் தூக்கி ஓரமாக வைத்த பிறகுதான் லண்டன் ரயில் நகரும்.

இரண்டாம் உலகப் போர் இந்த உள்ளூர் பாணிகளின் நடுவே அமெரிக்கர்களைக் கொண்டுவந்து விட்டது. அமெரிக்க ராணுவத்துக்காக 1942 முதல் கட்டப்பட்ட எஸ்100 வகை எஞ்சின்கள் போருக்குப் பின் வேலையின்றி நின்றன. சதர்ன் ரயில்வே அவற்றில் 15-ஐ வாங்கி (ஒன்று உதிரிப்பாகத்துக்கு மட்டும்) 1947-ல் பி4-களின் இடத்தில் இறக்கியது. ஆறு சக்கரம் இருந்தும் அச்சுத்தூரம் 10 அடிக்குள் அடங்கியது. அழகில் சுமார்தான். ஆனால் உறுப்புகளெல்லாம் வெளியே தெரியும், சுத்தம் செய்வதும் பழுது பார்ப்பதும் சுலபம். பெக்கெட் கட்சிக்காரனான நானே இதில் அமெரிக்கர்களுக்கு மதிப்பெண் கொடுக்கத்தான் வேண்டும். 1962-ல் டீசல் வரும் வரை சவுத்தாம்ப்டன் அவற்றை நம்பியிருந்தது.

கிளைப் பாணிகளும் இருந்தன. சண்டர்லாந்தின் டாக்ஸ்ஃபோர்ட் கப்பல் கட்டும் தளத்தில் எஞ்சின் முதுகிலேயே கிரேன் பொருத்தி 1971 வரை ஓட்டினார்கள். ஒரே வண்டி இரும்புத் தகட்டைத் தூக்கவும் செய்யும், கொண்டுபோகவும் செய்யும். நீராவி லாரி செய்துகொண்டிருந்த சென்டினல் கம்பெனி, செங்குத்துப் பாய்லரும் சங்கிலி இயக்கமும் கொண்ட எஞ்சினை விற்றது. தீப்பொறி ஆகாத இடங்களுக்கு நெருப்பே இல்லாத எஞ்சின் வந்தது. வெளியிலுள்ள பாய்லரிலிருந்து சூடான தண்ணீரையும் நீராவியையும் அழுத்தத்தோடு நிரப்பிக்கொண்டால் சில மணி நேரம் ஓடும். எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது கிழக்கு ஜெர்மனியின் மைனிங்கன் பட்டறை 1980-களில்கூட இவ்வகையில் 200-க்கு மேல் கட்டியது.

அமெரிக்க டீசலின் வெற்றிக் கதையும் துறைமுகத்தில்தான் தொடங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நியூயார்க் நகருக்குள் புகை கூடாது என்று 1923-ல் சட்டம் வந்தது. 1925-ல் நியூ ஜெர்சி சென்ட்ரல் ரயில்வே, நகரின் நீர்க்கரை முனையம் ஒன்றுக்கு 300 குதிரைசக்தி டீசல்-மின் எஞ்சினை வாங்கியது. அமெரிக்காவில் வணிகரீதியாக வெற்றி கண்ட முதல் டீசல் எஞ்சின் அதுதான். வேடிக்கை என்னவென்றால், அதே நகரில் புரூக்ளின் ஈஸ்டர்ன் டிஸ்ட்ரிக்ட் டெர்மினல், போர்ட்டர் கம்பெனியின் குட்டை நீராவி எஞ்சின்களை 1963 வரை ஓட்டிக்கொண்டிருந்தது. மிதவைப் படகில் வரும் வேகன்களைக் கரையேற்றுவதுதான் அவற்றின் பிழைப்பு.

இந்த எஞ்சின்களில் பல இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அதில் எனக்கு ஒரு மனத்தாங்கல். மான்செஸ்டரின் கோத்தன்பர்க்குக்கும் புரூக்ளினின் 15-ஆம் எண்ணுக்கும் நீல வண்ணம் பூசி, முகம் ஒட்டி, குழந்தைகள் கதையில் வரும் 'தாமஸ்' எஞ்சினாக ஆக்கிவிட்டார்கள். டிக்கெட் விற்றால்தான் பாய்லர் பழுது பார்க்க முடியும் என்ற நியாயம் புரிகிறது. ஆனாலும் நேர்ப்பாதையில் பெட்டி இழுத்துப் போகும்போது இவற்றின் கைவரிசை ஒன்றுமே தெரியாது. அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் பிரிஸ்டல் துறைமுக ரயில்வேக்குப் போகலாம். அந்த ஊரிலேயே பிறந்து, அந்தத் துறைமுக ஆணையத்துக்கே உழைத்த இரண்டு எஞ்சின்கள் அங்கே இருக்கின்றன: ஏவன்சைட் கட்டிய போர்ட்பரி (1917), பெக்கெட் கட்டிய ஹென்பரி (1937). கிரேன்களின் காலடியில் துறைமேடையை ஒட்டியே தண்டவாளம் ஓடுகிறது. போகிறவர்கள் புகைபோக்கியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வளைவில் சக்கரம் எப்படித் திரும்புகிறது என்று குனிந்து பார்க்கட்டும்.