கரடி விடாத கதை

பொய் அளக்கிறவனைப் பார்த்து, 'கரடி விடாதே' என்கிறோம். யானை விடாதே, புலி விடாதே என்று யாரும் சொல்வதில்லை. வேட்டைக்குப் போய் வந்தவர்கள் எப்படியெல்லாம் அளந்திருந்தால் அந்தப் பிராணியின் பெயர் இப்படிக் கெட்டிருக்கும்!

கரியாலூரில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் சிரிக்கவில்லை. "விடறவங்க விடுவாங்க. நெசமாப் போனவன் பேச மாட்டான்" என்றார்.

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறினால் வருகிற ஊர் கரியாலூர். வெள்ளிமலைக்குப் போகும் வழி. கல்வராயன் மலை என்றால் நமக்கெல்லாம் அருவி, கோடை விழா, இல்லாவிட்டால் சாராய ரெய்டு செய்தி. அங்கே தேன்கரடியும் இருக்கிறது. அதோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பழகிய மலையாளி பழங்குடி மக்களும் இருக்கிறார்கள்.

என் பையில் அன்றைக்கு இரண்டு கரடிகள் இருந்தன. இரண்டும் புத்தகத்தில். பெரியவரிடம் மூன்றாவது ஒன்று இருந்தது. இந்த வாரம் மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம் என்று ஆசை.

முதல் கரடி, கென்னத் ஆண்டர்சனுடையது. பெங்களூரில் வாழ்ந்து 1974-ல் இறந்தவர். ஆட்கொல்லிப் புலி, சிறுத்தை என்று எழுதிக் குவித்தவர். பள்ளிக்கூட நாளில் இவர் புத்தகத்தைப் போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்த கோஷ்டி நான். அவர் எழுதிய கரடிக் கதை ஒன்று, என்.சி.ஈ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் பல வருடங்கள் பாடமாக இருந்தது. சென்னையில் அக்கா மகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கப் போய்த்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

கதை இதுதான். மைசூர் பக்கம் கரும்புத் தோட்டத்தில் காட்டுப்பன்றிகளைச் சுட்டு விரட்டுகிறார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது ஒரு கரடி மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. ஆண்டர்சன் சுடவில்லை. கூட வந்தவர் பட்டென்று சுட்டுவிடுகிறார். விழுந்து கிடக்கும் கரடியின் முதுகில் ரோமம் தனியாக அசைகிறது. பார்த்தால் குட்டி! தேன்கரடி தன் குட்டிகளை முதுகில் சுமந்து திரியும். அந்தக் குட்டியைப் பிடித்து மனைவிக்குப் பரிசாகக் கொண்டுபோகிறார். அவர் அதற்கு புரூனோ என்று பெயர் வைத்து வளர்க்கிறார், பிறகு பாபா என்று மாற்றுகிறார். அது எலி மருந்தைத் தின்கிறது, என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது, பிழைக்கிறது. பெரிதானதும் மைசூர் மிருகக்காட்சி சாலைக்கு அனுப்புகிறார்கள். அதுவும் சாப்பிடாமல் ஏங்க, அந்த அம்மாவும் ஏங்க, கடைசியில் வீட்டுக்கே திரும்பி வருகிறது. கண்ணைக் கசக்காமல் படிக்க முடியாத கதை.

நடுவில் ஒரு வரி. பாபாவுக்குச் சில வித்தைகள் தெரியும். 'குழந்தை எங்கே?' என்று கேட்டால் ஒரு மரக்கட்டையை எடுத்து மடியில் வைத்துக் கொஞ்சும். குச்சியைக் கொடுத்து, 'துப்பாக்கி பிடி' என்றால் நம்மை நோக்கிக் குறி பார்க்கும்.

அக்கா மகள் அங்கே நிறுத்தினாள். "மாமா, அதோட அம்மாவைத்தானே துப்பாக்கியால சுட்டாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. இந்த வரியை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், சிரித்திருக்கிறேன். ஆண்டர்சனும் இதை வேடிக்கையாகத்தான் எழுதிவிட்டுப் போகிறார். துப்பாக்கியால் அநாதையான குட்டிக்கு, துப்பாக்கி பிடிப்பது விளையாட்டு. தாயை இழந்த குட்டி, மரக்கட்டைக்குத் தாயாக இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்த எழுத்தாளர், தான் என்ன எழுதினோம் என்று கவனிக்கவே இல்லை. பாடத்துக்கு வைத்த தலைப்போ அன்பின் பிணைப்பு. அந்த அன்பு பொய்யில்லை. ஆனால் அது எங்கே ஆரம்பித்தது என்பதைச் சில வரிகளில் தாண்டிப் போய்விடுகிறது கதை.

ஆண்டர்சனைக் குறை சொல்லித் தீர்ப்பது என் நோக்கமில்லை. வீணாகக் கொல்ல மாட்டேன் என்றவர். பைரா என்ற காட்டுவாசி நண்பரைப் பற்றி அத்தனை பிரியமாக எழுதியவர். ஆனாலும் பைராவை நாம் ஆண்டர்சன் வாயால்தான் கேட்கிறோம். பைரா எழுதவில்லை. துப்பாக்கியிலும் வித்தியாசம் உண்டு. ஆண்டர்சன் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். ஒரு குண்டு தவறினால் அடுத்தது தயார். காட்டில் பிறந்தவன் கையில் இருந்தது நாட்டுத் துப்பாக்கி. ஒரு தரம்தான் வெடிக்கும். பிறகு குழாயில் கரிமருந்தைக் கொட்டி, கிட்டித்து, ஈயத்தைப் போட்டு மறுபடி கிட்டிக்க வேண்டும். அதுவரை கரடி காத்திருக்குமா? வேட்டைக் கதையில் நாம் கைதட்டும் வீரத்தில் பாதி ஆளுடையது. மீதி, இரண்டாவது குண்டுடையது.

இரண்டாவது கரடி, அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னருடையது. 1942-ல் வெளிவந்த 'கோ டவுன், மோசஸ்' நூலில் உள்ள 'தி பேர்' என்ற நெடுங்கதை. உலகத்தில் முதல் கரடி வேட்டைப் பருவத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதற்கு மேல் ஒன்றை நான் படித்ததில்லை. ஐசக் என்ற பையன் பத்து வயதில் பெரியவர்களோடு நவம்பர் வேட்டை முகாமுக்குப் போகிறான். பொறியில் சிக்கிக் கால் சிதைந்த கிழக்கரடி ஒன்று அந்தக் காட்டில் உண்டு. ஊரே அதைத் துரத்துகிறது. பையனுக்கு அதைப் பார்த்தாலே போதும். துப்பாக்கியோடு போகிறவரை அது கண்ணில் படாது என்கிறார், அவனுக்குக் காடு கற்றுத்தரும் முதியவர் சாம் ஃபாதர்ஸ். துப்பாக்கியை விட்டுவிட்டுப் போகிறான். அப்போதும் இல்லை. கைக்கடிகாரம் இல்லை, பையில் கடிகாரமும் திசைகாட்டியும் இருக்கின்றன. அவற்றையும் ஒரு புதரில் மாட்டிவிட்டு, வழி தவறி நிற்கும்போது கரடி வந்து நின்று அவனைப் பார்த்துவிட்டுப் போகிறது.

அபாரமான இடம். மயிர்க்கூச்செறியும்.

பின்னால் ஃபாக்னர் இன்னொன்று செய்கிறார். கரடி செத்த பிறகும் கதையை முடிக்கவில்லை. வளர்ந்த ஐசக் வீட்டுக் கணக்குப் புத்தகங்களைப் புரட்டுகிறான். அடிமைகளை வாங்கி விற்ற கணக்கில் தன் தாத்தா செய்த பாவம் இருக்கிறது. இருபத்தோரு வயதில், அந்தச் சொத்தே வேண்டாம் என்கிறான். வேட்டையில் கற்றதை வைத்துச் சொந்தக் குடும்பத்தைக் கணக்குக் கேட்கிறான். ஆண்டர்சன் தாண்டிப்போன இடத்தில் ஃபாக்னர் நின்று தோண்டுகிறார்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். இந்தக் கதையில் கரடி ஒரு தெய்வம். அதைப் பார்ப்பதற்காக ஒரு பையன் தவம் இருக்கிறான். ராத்திரி சாப்பிட்டுப் படுக்கும் வீடு, காட்டுக்கு வெளியே பத்திரமாக இருக்கிறவனுக்குத்தான் அந்தத் தவம் கட்டுபடியாகும்.

இப்போது பெரியவர். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். முதலில் சொல்ல மாட்டேன் என்றார். "எழுதிப்புட்டீங்கன்னா கேஸு கீஸுன்னு வந்துரும் சார்" என்றார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல்தான் வந்தது, நீங்கள் சொல்வது அதற்கு முந்தைய காலம் என்று நான் சமாதானம் சொன்னேன். அவர் சிறுவனாக இருந்தபோது மலையே ஜாகீர்தார்கள் கையில். அரசாங்கம் எடுத்துக்கொண்டது 1976-ல். 1991-ல் சட்டத்தைத் திருத்தி வேட்டை உரிமங்களையும் ஒழித்தார்கள். தேன்கரடிக்கு இன்று முதல் அட்டவணைப் பாதுகாப்பு. அது சரியான சட்டம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் துரை சுட்ட கதை புத்தகமாகிப் பாடமாகிறது. இவர் கதையை டீக்கடையில் சொல்லவே அக்கம்பக்கம் பார்க்க வேண்டியிருக்கிறது.

டீ ஆறிப்போன பிறகு சொன்னார்.

"பன்னெண்டு வயசு இருக்கும். பலா பழுக்குற காலம். அந்த வருசந்தான் மொதத் தடவையா என்னையும் சேத்துக்கிட்டாங்க. அப்பா, பெரியப்பா, மாமன், எங்கண்ணன், நான். பலா வாசன மனுசனுக்கு மின்ன கரடிக்குத் தெரிஞ்சிரும். பழம் கிடந்த மரத்துக்கிட்ட ராத்திரி படுத்துக்கெடந்தோம். தூத்தல் வேற. மருந்துப் பை நனையக் கூடாதுன்னு எங்கிட்டக் குடுத்து, வயித்தோட கட்டிக்கச் சொன்னாங்க. அதான் எனக்கு வேல.

ரெண்டு நா ஒண்ணும் வரல. மூணாம் நா சத்தம் கேட்டுது. உஸ்ஸுன்னு ஊதுற சத்தம். பெரியப்பா சுட்டாரு. பட்டுச்சா இல்லியான்னு தெரியல. வெளிச்சம் வந்த எடத்துக்கு நேரா அது வந்துருச்சி. எங்கப்பா 'மருந்து, மருந்து'ன்னு கத்துறாரு. எனக்கு முடிச்சு அவுரல சார்."

இரண்டு கைகளையும் வயிற்றருகே கொண்டுபோய், இல்லாத ஒரு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. விரல்களுக்கு இன்னும் அது மறக்கவில்லை.

பெரியப்பா பிழைத்துவிட்டார். முகம்தான் போய்விட்டது. அதன் பிறகு செத்துப்போகிறவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிட்டாராம். பெரியம்மா சோற்றைக் கரைத்துக் கொடுப்பார்.

"அவரு என்னிய ஒரு வார்த்த கேக்கல. பெரியம்மாதான் ஒரு நா சொன்னாங்க. 'நீ என்னடா பண்ணுவ, பச்சப் புள்ள கையில குடுத்தாங்களே, அவங்களச் சொல்லணும்'னு."

"கரடி செத்துச்சா?" என்று கேட்டேன். கேட்ட உடனே வெட்கமாக இருந்தது.

"யாரு போய்ப் பாத்தா?" என்றார்.

நான் படித்த எந்த வேட்டைப் புத்தகத்திலும் இந்தப் பதில் இல்லை. அங்கே கரடிக்குக் கட்டாயம் ஒரு முடிவு உண்டு. ஆண்டர்சனின் 1957-ம் வருடத்து 'மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஜங்கிள் கில்லர்ஸ்' புத்தகத்தில், ஆட்களைத் தாக்கிய மைசூர்க் கரடி கடைசியில் குண்டடிபட்டு விழுகிறது. ஃபாக்னரின் கிழக்கரடி கத்திக்குத்தில் விழுகிறது. கரடி விழுந்தால் கதை முடிந்தது. பெரியவர் கதையில் கரடி பாதியிலேயே போய்விட்டது. மிஞ்சியது சுவர், சோறு, முடிச்சு, பெரியம்மா. குடும்பத்தோடு போன வேட்டை என்றால், அதன் கதை குடும்பத்துக்குள்தானே முடிய வேண்டும்? நல்ல வேட்டைக் கதைக்கு நான் இனிமேல் வைக்கப்போகும் அளவுகோல் இதுதான். சுட்ட பிறகு எத்தனை நாள் அந்தக் கதை வீட்டில் தங்குகிறது?

கரடியின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். அகநானூற்றில் அதற்கு எண்கு என்று பெயர். புற்றைப் பறித்துக் கறையான் தின்னும், இலுப்பைப் பூ தின்னும் என்று அந்தக் கவிகள் நேரில் பார்த்ததுபோல் எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு 1791-ல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, நீண்ட நகத்தையும் மேல்வரிசையில் நடுப்பல் இரண்டு இல்லாததையும் பார்த்து, இது கரடியே இல்லை, மரத்தில் தொங்கும் 'ஸ்லாத்' இனம் என்று தீர்மானித்துவிட்டார். ஆங்கிலத்தில் அது இன்றைக்கும் ஸ்லாத் கரடிதான். நடுப்பல் இல்லாதது கறையானை உறிஞ்சி இழுக்க வசதி. உறிஞ்சும் மும்முரத்தில் யார் வருவதும் அதற்குத் தெரியாது. திடீரென்று பக்கத்தில் ஆளைப் பார்த்தால் பயந்துபோய் முகத்தில் பாயும். வன்மம் எதுவும் இல்லை. வேட்டைக் கதைகள் இந்தப் பயத்துக்குக் கோபம் என்று பெயர் வைத்தன.

சாயங்காலம் பெரியவர் வீட்டுக்குக் கிளம்பினார். நானும் கொஞ்ச தூரம் கூட நடந்தேன். மரங்கள் நெருங்கும் இடம் வந்ததும் கையைத் தட்டினார். நாலடி நடந்து மறுபடி தட்டினார். ஏதாவது வேண்டுதலா என்று கேட்டேன்.

"பெரியம்மா கத்துக்குடுத்தது. கடுக்கா பொறுக்கப் போவும்போது இப்பிடித்தான் தட்டிக்கிட்டே போவாங்க. நாம வர்றோம்னு அதுக்குச் சொல்லணும்ல சார்? அது பாட்டுக்கு ஒதுங்கிக்கும்."

ஃபாக்னரின் பையன் கரடியைப் பார்க்க ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தான். இவர் அதைப் பார்க்காமல் இருக்க அறுபது வருடமாகக் கை தட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டும் மரியாதைதான். ஒன்று புத்தகத்தில் இருக்கிறது.

நானும் தட்டினேன். "பலமாத் தட்டுங்க" என்றார்.