தனியாக நிற்பவளுக்குப் பின்னால்

கோவில்பட்டிப் பக்கத்து அம்மன் கோயில் பொங்கல்களில் 'வள்ளி திருமணம்' பார்த்து வளர்ந்தவள் நான். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை நடக்கும். வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் இறங்கிவிட்டால், பாயில் சுருண்டிருந்த பெண்கள் எழுந்து உட்காருவார்கள். அந்த இருவரும் அன்று மாலைதான் முதன்முதலாகச் சந்தித்திருக்கக்கூடும் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது.

ஸ்பெஷல் நாடகம் என்ற பெயரின் பொருளே அதுதான். நிலையான கம்பெனி இல்லை, இயக்குநர் இல்லை, ஒத்திகையும் இல்லை. ராஜபார்ட், ஸ்த்ரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைக்கிறார்கள். 1867இல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால்தான் இது சாத்தியமாகிறது.

அதாவது, பலர் நிற்கும் அந்த மேடையிலும் ஸ்த்ரீபார்ட் தனியாள்தான். சேலையும் நகையும் ஒப்பனையும் அவள் சொந்தச் செலவு. எதிராளியின் தர்க்கம் ஆபாசத்துக்குத் திரும்பினால், அந்த நொடியிலேயே அவள்தான் பதில் சொல்லியாக வேண்டும். நாம் அதைச் சாமர்த்தியம் என்று கைதட்டுகிறோம். மதுரையிலும் புதுக்கோட்டையிலும் இருக்கும் நடிகர் சங்கங்கள் அவளுக்கு நாடகம் பிடித்துத் தரலாம்; தர்க்கத்தின் நடுவே அவள் பக்கத்தில் வந்து நிற்க முடியாது. நடிகைகள் நாடகத்துக்குப் போகும் வழியில் தங்களை நடிகை என்று காட்டிக்கொள்ளாமலிருக்க எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதை சூசன் சைசர் 2005இல் வெளியான தன் ஆய்வு நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இங்கே தனிமை கலையின் வடிவம் அல்ல; கூலியின் வடிவம்.

இதற்கு எதிரே அ. மங்கை இயக்கத்தில் உஷாராணி தனியாக நடித்த 'பனித்தீ'யை வைத்துப் பார்க்கிறேன். அம்பை சிகண்டியாகும் கதை அது. பெண்ணாக அவமானப்பட்டு ஆணாகப் பழிதீர்க்கும் ஒருத்தியை இரண்டு பேர் நடித்தால், அது இரண்டு பேரின் கதையாகிவிடும். ஒரே உடல் இரண்டையும் சுமக்கும்போதுதான் அந்தக் கோபம் நமக்கு முழுசாக வந்து சேரும். ஆக, இங்கே தனிமையைக் கேட்பது கதை. அந்தத் தனிமையைத் தாங்க இயக்குநரும் ஒத்திகையும் இருந்தார்கள்.

ஓராள் நாடகங்களைப் பற்றி எழுதும் நாம் 'ஒற்றையாளாக மேடையை ஆண்டார்' என்று முடித்துவிடுகிறோம். நானும் அப்படி எழுதியவள்தான். அந்தப் பாராட்டு, கூட நின்றவர்களையும் மறைக்கிறது. கூட யாருமே நிற்காத கொடுமையையும் மறைக்கிறது.

என் மாணவி ஒருத்தி ஓராள் நாடகம் போட ஆசைப்பட்டாள். ஒத்திகையை மாலை ஆறு மணிக்கு வைக்கலாமா என்று கேட்டேன். "மேடையில ஒத்தையா நின்னுக்கிடுவேன் மேடம். வீட்டுக்குத்தான் ஒத்தையா போக முடியாது" என்றாள். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் ஊர் பேசும் பேச்சு அவளுக்குத் தெரியும்.

ஒரு நாடகக் குழு ஓராள் நடிகைக்குத் தர வேண்டியதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒத்திகையை மதிய உணவு இடைவேளைக்கு மாற்றினோம். வசனம் பிடித்துப் பார்க்க அவள் தோழிகள் இருவர் சோற்று டப்பாவோடு வந்து உட்கார்ந்தார்கள்.