கிளிச்சீட்டில் வந்த மாதா

மணலிக்கும் எண்ணூருக்கும் இடையே, ஆலைகளும் உப்பங்கழியும் சூழ்ந்து கிடக்கும் ஊர் சடையங்குப்பம். நமது சபையைச் சார்ந்த சில குடும்பங்கள் அங்கு வாழ்வதால், வீட்டு ஜெபக்கூட்டத்தின் பொருட்டு அவ்வூருக்குச் சென்றுவரும் கடமை நமக்கு உண்டு. அவ்வாறு சென்ற ஒரு மாலையில், சாலையோர மரநிழலில் கிளிசோதிடர் ஒருவர் விரித்து வைத்திருந்த சீட்டுக்கட்டை நின்று பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. இருபத்தேழு நட்சத்திரங்களுக்கு இருபத்தேழு சீட்டு என்பது அவர்தம் கணக்கு. கூண்டு திறந்தவுடன் கிளி வெளிவந்து, சீட்டுகளைப் புரட்டி, ஒன்றைக் கவ்விக் கொடுக்கிறது. அதற்குக் கூலி ஒரு நெல்மணி. (கிளியை அடைத்து வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். 2024 ஏப்ரலில் கடலூர்ப் பகுதியில் தேர்தல் வெற்றியை முன்னுரைத்த கிளிசோதிடர் ஒருவரை வனத்துறையினர் பிடித்த செய்தியை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள்.)

அக்கட்டில் முருகனும் இலக்குமியும் பட்டாபிஷேக இராமனும் இருந்தனர். பள்ளிவாசல் ஒன்றின் படமும், குழந்தையேந்திய மாதாவின் படமும் அவர்களோடு இருந்தன. நமது கண்ணில் முதலில் பட்டது பிறைநிலாவே. சிவனின் சடையில் ஒன்று, பள்ளிவாசலின் உச்சியில் ஒன்று, மாதாவின் காலடியில் ஒன்று என மூன்று பிறைகள். மூன்றுக்கும் என்ன பொருள் என்று வினவினோம். "வளர்பிறைங்க. எந்தச் சாமி வந்தாலும் பிறை வந்தா குடி வளரும்" என்றார் சோதிடர்.

இதை இங்கே எழுத நேர்ந்த காரணம், அந்தச் சீட்டு நமது சபை அம்மையார் ஒருவர் கைக்கும் வந்தமையே. அவரது குடும்பம் ஆற்றில் இறால் பிடித்துப் பிழைப்பது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலையாறு, எண்ணூர் முகத்துவாரம் எங்கும் படர்ந்தபோது, அவர்களுடைய வலைகளும் படகும் பாழாயின. ஊரிலேயே இருப்பதா, வேறிடம் பெயர்வதா என்பது அவர் வீட்டில் ஓயாத கேள்வி. அக்கேள்வியோடு அவர் கிளியின்முன் அமர்ந்தார். மாதா வந்தார். "இருக்கிற எடத்த விட்டு நகராதே, வளருவே" என்று பலன் சொல்லப்பட்டது. ஜெபக்கூட்டம் முடிந்தபின் நம்மிடம் அவர் கேட்டார்: "அய்யா, வந்தது நம்ம வேதத்துச் சாமிதானே? அது சொன்னா நம்பலாமில்ல?"

உபாகமம் 18-ஆம் அதிகாரத்தைச் சுட்டி, குறிகேட்பது தேவனுக்கு அருவருப்பு என்று கூறிவிட்டு நாம் எழுந்து வந்துவிட்டோம். கூறியது தவறன்று. எனினும் அடுத்த கூட்டத்திற்கு அவர் வரவில்லை.

இந்நிகழ்ச்சியை நாம் இறையியல் மாணவரிடையே பகிர்ந்தபோது, ஒரு மாணவர் டாரட் எனப்படும் மேனாட்டுச் சீட்டுப் படங்களைக் கொணர்ந்து கிளிச்சீட்டுகளின் அருகே பரப்பினார். இரண்டிலும் பிறையும் குழந்தையும் சக்கரமும் அரியணையும் காணப்படுவதைக் காட்டி, எல்லாச் சமயங்களும் ஒரே ஊற்றிலிருந்து பருகுகின்றன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ என்றார். நல்ல மாணவர், கேள்வியும் நல்ல கேள்வி. அதற்கு விடை காண டாரட்டின் படங்களைச் சற்று ஊன்றி நோக்குவது தேவையாயிற்று.

டாரட் தொன்மையான மறைநூல் என்பது பரவலான எண்ணம். உண்மையில் அது பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகவே தோன்றியது. மிலான் பிரபுக்களுக்காகக் கையால் தீட்டப்பட்ட சீட்டுகள் இன்றும் உள்ளன. எகிப்திய ஞானம் அதில் மறைந்துள்ளதென்று கூர் தெ ஜெப்லென் என்னும் பிரெஞ்சுக்காரர் எழுதியது 1781-இல்தான். அதன்பின்னரே அது குறிசொல்லும் கருவியாகப் பெரிதும் பரவிற்று. இன்று உலகெங்கும் வழங்கும் எழுபத்தெட்டுச் சீட்டுக் கட்டு, ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பாரின் திட்டப்படி பமீலா கோல்மன் ஸ்மித் என்னும் ஓவியர் வரைந்து, 1909-இல் லண்டனில் வெளியானது.

இக்கட்டின் படங்களில் திருமறை அறிந்தோர்க்கு வியப்பளிப்பவை பல. பெண் தலைமைக்குரு என்னும் சீட்டில், சாலொமோன் ஆலயத்தின் யாகீன், போவாஸ் என்னும் தூண்களின் (1 இராஜாக்கள் 7:21) முதலெழுத்துக்கள் பொறித்த இரு தூண்கள் நிற்கின்றன. நடுவே அமர்ந்தவளின் காலடியில் பிறை. அடுத்த சீட்டாகிய பேரரசியின் முடியில் பன்னிரு நட்சத்திரங்கள். வெளிப்படுத்தின விசேஷம் 12-ஆம் அதிகாரத்தில், பாதத்தின்கீழ்ச் சந்திரனும் சிரசில் பன்னிரு நட்சத்திர முடியும் ஒரே ஸ்திரீக்கு உரியவை. ஒருத்தியின் அணிகள் இங்கே இரு பெண்களுக்குப் பங்கிடப்பட்டுள்ளன எனலாம்.

இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது "உலகம்" என்னும் இறுதிச் சீட்டு. நான்கு மூலைகளிலும் மனிதன், கழுகு, காளை, சிங்கம் ஆகிய நான்கு ஜீவன்கள். எசேக்கியேல் முதல் அதிகாரத்திலும் வெளிப்படுத்தின விசேஷம் 4-ஆம் அதிகாரத்திலும் சிங்காசனத்தைச் சூழ்ந்திருப்பவை அவையே. பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்து மேற்கு வாயிலில், பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிற்பிகள் இந்நால்வர் நடுவே மகிமையின் கிறிஸ்துவை அமர்த்தினர். சீட்டில் அந்நடுவிடத்தில், மாலை வளையத்துக்குள், ஒரு பெண் நடனமாடுகிறாள். சுற்றியிருப்போர் மாறவில்லை, அமர்ந்திருந்தவர் இல்லை. இம்மாற்றம் பகைமையால் நேர்ந்தது என்று நாம் கூறவில்லை. படம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது வடிவம் எளிதில் உடன்செல்கிறது, வரலாறு பின்தங்கிவிடுகிறது என்பதற்கு இதைக் காட்டாகக் கொள்கிறோம்.

இவ்வாறு நோக்குமிடத்து, மாணவர் கண்ட ஒற்றுமை வடிவத்தின் ஒற்றுமையே என்பது தெளிவு. மூன்று பிறைகளையே எடுத்துக்கொள்வோம். சிவன் சடையில் இருப்பது, தக்கனின் சாபத்தால் தேய்ந்து அழியவிருந்து அடைக்கலம் பெற்ற சந்திரன். இசுலாமியருக்குப் பிறை நோன்பின் தொடக்கத்தையும் முடிவையும் அறிவிக்கும் காலக்குறி. அது வணங்கப்படுவது அன்று. மாதாவின் காலடிப் பிறையோ, பிரசவ வேதனையில் அலறும் ஒரு ஸ்திரீயின் காட்சியிலிருந்து வந்தது. தேய்ந்தவனுக்குக் கிடைத்த அடைக்கலம், உண்ணாநோன்பின் ஒழுங்கு, துன்புறும் தாய் என்னும் மூன்றில் எதுவும் "குடி வளரும்" என்ற பலனில் எஞ்சவில்லை. சமயங்களை ஒன்றாக்குவதாகத் தோன்றும் சீட்டு மூன்றையுமே பேசவிடாமற் செய்கிறது. சைவ அன்பரும் இசுலாமிய அன்பரும் இதில் நம்மோடு சேர்ந்து வருந்த இடமுண்டு.

ஆனால் சபைகளில் நாம் வழக்கமாகத் தரும் மறுமொழியும் குறையுடையதே. "இது நம்முடைய படம், அவர்கள் களவாடினர்" என்போம். அல்லது, மாதா நமக்கு உரியவள் அல்லள் என்று சீர்திருத்தத் திருச்சபையினராகிய நாம் வாய்மூடிக்கொள்வோம். அந்த ஸ்திரீயை மரியாள் என்று கொள்வோரும், தேவனுடைய மக்களின் கூட்டம் என்று கொள்வோரும் தொன்றுதொட்டு உண்டு. எங்ஙனம் கொண்டாலும் அவளது கதையைச் சொல்வது ஆயரின் பணியாயிருந்தது. நாமோ சட்டத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்தோம்.

இங்கே ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் எழுதவேண்டும். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் நமது ஆலயங்களில் தட்டு நிறைய வாக்குத்தத்த அட்டைகள் வருகின்றன. கண்ணை மூடி ஒன்றை எடுத்து, இவ்வாண்டு கர்த்தர் எனக்குத் தந்தது இது என்று வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்கிறோம். பிடிக்காத வசனம் வந்தால் இன்னொன்று எடுப்போரையும் கண்டதுண்டு. கிளியில்லை, நெல்மணியில்லை, மற்றவை யாவும் உண்டு. அவ்வட்டைகளில் அடிக்கடி காணப்படுவது எரேமியா 29:11, சமாதானமான நினைவுகளைக் குறித்த வசனம். அதற்கு முந்திய வசனம், சிறையிருப்பு எழுபது ஆண்டு நீடிக்கும் என்கிறது. அதாவது அக்கடிதத்தைக் கேட்டவருள் பெரும்பாலோர் விடுதலையைக் காணாமலே மரிப்பர். அதே அதிகாரத்தின் எட்டாம் வசனமோ, குறிகாரரிடம் ஏமாறவேண்டாம் என்று எச்சரிக்கிறது. குறிகாரரைக் கண்டிக்கும் கடிதத்திலிருந்து ஒரு வரியை வெட்டி அட்டையாக்கி, நாமே குறி கேட்கிறோம்!

சீட்டுப்போடுதல் யாவும் பாவம் என்று கூறுதல் எளிதன்று. மத்தியா சீட்டினால் தெரிந்துகொள்ளப்பட்டார் (அப்போஸ்தலர் 1:26). ஆயினும் பெந்தெகொஸ்தேக்குப் பின் சீடர் அவ்வாறு செய்ததாகத் திருமறையில் வேறு குறிப்பில்லை. மொரேவியத் திருச்சபையார் 1731 முதல் ஆண்டுதோறும் அச்சிட்டுவரும் தினவசனங்கள் ஹெர்ன்ஹூட்டில் சீட்டெடுத்தே தெரிவு செய்யப்படுகின்றன. ஆனால் அங்கே ஒரு நாளின் வசனம் எல்லார்க்கும் ஒன்றே. தனியொருவரின் நாளையைத் துருவும் கருவியாக அது எடுக்கப்படுவதில்லை. நற்செய்தி ஏடுகளில் சீட்டெடுத்துப் பலன் பார்ப்போரைக் குறித்து அகஸ்தீன், பேய்களிடம் போவதைவிட இது மேல் என்று ஒப்புக்கொண்டும், உலகக் காரியங்களுக்காக இறைவாக்கைத் திருப்புவது தமக்கு உவப்பில்லை என்று எழுதினார். எடுத்து வாசி என்ற குரல் கேட்டு நிருபத்தைத் திறந்தவர் அவரே என்பதை எண்ணும்போது, அவர் அக்கருத்தை மிகுந்த தயக்கத்தோடுதான் எழுதியிருப்பார் என்று நமக்குத் தோன்றுகிறது.

சில வாரங்கள் கழித்து அந்த அம்மையாரின் வீட்டுக்குச் சென்றோம். சீட்டைப்பற்றி நாம் பேச்செடுக்கவில்லை, அவரே எடுத்தார். அந்தப் படத்தில் இருக்கும் அம்மாவின் கதையை வாசிக்கலாமா என்று கேட்டு, வெளிப்படுத்தின விசேஷம் 12-ஆம் அதிகாரத்தை முழுமையும் வாசித்தோம். பிள்ளையை விழுங்கக் காத்திருக்கும் வலுசர்ப்பம், கழுகின் சிறகுகளால் வனாந்தரத்துக்குப் பறக்கும் தாய், அவளை அடித்துச்செல்லும்படி அவள்பின் ஊற்றப்படும் வெள்ளம், பூமி தன் வாயைத் திறந்து அதைக் குடித்துவிடுதல். 2021-லும் 2023-லும் வெள்ளம் புகுந்த அவ்வூரில் இப்பகுதியை வாசிப்பது எத்தகையது என்பதை வகுப்பறையில் நாம் ஒருபோதும் உணர்ந்ததில்லை. அவர் மகன் சுவரில் வெள்ளம் நின்ற உயரத்தைக் கையால் காட்டினான்.

"அப்போ அந்தம்மா ஊர விட்டுத்தான் போனாங்களா அய்யா?" என்று அவர் கேட்டார். ஆம் என்று கூறி, ஆகையால் நீங்களும் போகலாம் என்று சேர்த்துச் சொல்ல நமக்கு நாக்கு எழுந்தது. அப்படிச் சொல்லியிருந்தால், அவர் கைக்கு இன்னொரு சீட்டைக் கொடுத்தவராயிருப்போம். போவதா இருப்பதா என்பதை அவரும் அவர் கணவரும் மகனும் உட்கார்ந்து பேசவேண்டும் என்றும், பேசும்போது கூட இருக்கச் சொன்னால் வருவோம் என்றும் மட்டும் கூறினோம்.

அவர் புத்தகத்தை மூடவிடவில்லை. மிச்சத்தையும் வாசிக்கச் சொன்னார். கடைசி வசனத்தில், வலுசர்ப்பம் அவள்மேல் கோபங்கொண்டு அவளுடைய மற்றப் பிள்ளைகளோடு போரிடப் புறப்படுகிறது.

"அப்போ இன்னும் முடியல" என்றார் அந்த அம்மையார்.