வலைப்பின்னலும் வரைபடமும்

படூருக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம்? வரைபடத்தில் அளவுகோலை வைத்தால் கிழக்கே சில கிலோமீட்டர்தான். ஆனால் குறுக்கே பக்கிங்காம் கால்வாயும் முட்டுக்காட்டு உப்பங்கழியும் கிடக்கின்றன. கோவளம் செல்பவர் கேளம்பாக்கம் வரை தெற்கே போய்த்தான் திரும்ப வேண்டும். அளவுகோலின் தூரம் வேறு, வழியின் தூரம் வேறு அல்லவா?

இந்த இரண்டாம் வகைத் தூரத்தை மனித உறவுகளில் தேடுவதே சமூக வலைப்பின்னல் கொள்கை. ஆட்கள் கணுக்கள், உறவு, பழக்கம், கொடுக்கல் வாங்கல் எல்லாம் கோடுகள். ஸ்வீடன் நாட்டுப் புவியியலார் ஹேகர்ஸ்ட்ராண்ட், புதிய வேளாண்முறைகள் பரவிய விதத்தை 1953-ல் ஏறத்தாழ இவ்வாறே விளக்கினார். செய்தி ஆளுக்கு ஆள் செல்கிறது. தொலைவு கூடக்கூட அந்த வாய்ப்புக் குறைகிறது. தூரத்தை அவர் கைவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பின்னால் வந்தவர்களுக்கு அந்த நிதானம் இல்லை. கேர்ன்கிராஸ் என்ற பத்திரிகையாளர் 1997-ல் ‘தூரத்தின் மரணம்’ என்றே தம் நூலுக்குப் பெயரிட்டுவிட்டார்!

2004 டிசம்பர் 26 அன்று நம் கரைக்கு வந்த ஆழிப்பேரலைக்குத் தூரம் சாகவில்லை. அதன் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4000 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர். கரையருகே ஆழம் குறையக் குறைய வேகம் தணிந்து, அலை உயரும். யார் யாருக்கு உறவு என்று அது கேட்பதில்லை.

நிவாரணமோ கேட்டது. டேனியல் ஆல்ட்ரிச் 2012-ல் வெளியிட்ட நூலில் தமிழகக் கடற்கரை ஊர்களை ஆராய்கிறார். உள்ளே கட்டுக்கோப்பும் வெளியே அதிகாரிகளோடும் தொண்டு நிறுவனங்களோடும் தொடர்பும் கொண்ட மீனவ ஊர்களுக்கு உதவி எளிதில் கிடைத்தது. அதே கட்டுக்கோப்பு தலித் மக்களையும் வேறு சிலரையும் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. நிலத்தில் பக்கத்துத் தெரு. உதவியின் கணக்கில் வெகு தொலைவு. வலைப்பின்னல் கொள்கை புவியியலுக்குத் தந்த நல்ல பாடம் இது. வெறும் வரைபடம் இதைக் காட்டியிராது.

ஆயினும் ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். இரு கணுக்களுக்கு நடுவே கோடு இல்லையென்றால் என்ன பொருள்? அவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களா, அல்லது ஒருவர் மற்றவரை விலக்கி வைத்தாரா? படத்தில் இரண்டுமே வெற்றிடம்தான். பள்ளிச் சிறுவன் வரையும் வரைபடத்தில்கூடக் கால்வாய்க்கு ஒரு நீலக்கோடு உண்டு. சாதி விலக்குக்கு இந்தப் படத்தில் எந்தக் குறியும் இல்லை. ஆல்ட்ரிச் அதைக் கண்டது கோடுகளை எண்ணியதால் மட்டுமல்ல, களத்தில் மக்களிடம் பேசியதாலும்தான்.