ஏதுப்போலியும் துப்பறியும் புதினமும்

கொலை ஒன்று நிகழ்ந்துள்ளது. கொன்றவர் இன்னார் எனத் தெரியவில்லை. எஞ்சி நிற்பன சில பொருள்கள், சில சுவடுகள், சிலர் கூறும் சொற்கள். இவற்றைக் கருவியாகக் கொண்டு நிகழ்ந்ததை உய்த்துணர்வதே துப்பறியும் புதினத்தின் பொருளாகும். கண்டது கொண்டு காணாததைத் துணிதலைக் கருதலளவை என்பர் அளவை நூலார். ஆகவே, துப்பறியும் புதினத்தைக் கதை வடிவிற் செய்யப்பெற்ற கருதலளவை ஆராய்ச்சி எனல் மிகையன்று.

ஆயின், உய்த்துணர்தற்குரிய சான்றே பொய்யாகப் புனைந்து வைக்கப்பட்டிருப்பின் என்னாம்? குற்றவாளி சான்றைத் திரிக்கின்றான்; அத்திரிபு துப்பறிவோரை மட்டுமன்றிப் படிப்போரையும் மயக்குகின்றது. அவ்வாறாயின், ஆசிரியரும் அவ்வஞ்சனையில் பங்கு கொண்டவர் ஆகாரோ? ஏமாற்றுதல் எவ்வெல்லை வரை கலையாகும், எவ்வெல்லை கடப்பின் குற்றமாகும்? இவ்வினாவை மூன்று ஆங்கிலக் கதைகளை அடிப்படையாகக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆராய்ச்சிக்கு இன்றியமையாமை பற்றி அக்கதைகளின் முடிபுகள் ஈண்டு வெளிப்படக் கூறப்படும்.

போலியின் மூவகை

மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அளவை இலக்கணம் உணர்த்துமிடத்து ஏதுப்போலி என்பதனை விளக்குகின்றார். ஏதுவைப் போலத் தோன்றி ஏதுவாகாது ஒழிவது ஏதுப்போலி. அது அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூவகைப்படும். ஏது உண்டு என்பதே நிறுவப்படாதிருத்தல் அசித்தம். தொலைவில் தோன்றும் மூடுபனியைப் புகையெனக் கொண்டு ஆங்கே தீ உளது என முடிவு கட்டுதல் இதன்பாற்படும். ஒருதலையாகத் துணிய இடந்தராது இருபாலும் செல்வது அநைகாந்திகம். தான் நிறுவப் புகுந்ததற்கு மாறானதையே நிறுவிவிடுவது விருத்தம்.

அளவை நூலார் கூறிய போலிகள் அறிவின் சோர்வால் தாமே நேர்வன. துப்பறியும் புதினத்திலோ ஒருவன் அவற்றைத் திட்டமிட்டுச் செய்கின்றான். மூடுபனியைப் புகையென நாம் மயங்குமாறு அவனே பரப்பி வைக்கின்றான். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு கதைகளை நோக்குவோம்.

சுவரில் விழுந்த கைச்சுவடு

ஆர்தர் கோனன் டாயில் எழுதிய ‘நார்வுட் கட்டடக்காரர்’ என்னும் சிறுகதை 1903இல் வெளிவந்தது. அதன் காலச் சூழல் கருதத்தக்கது. கைவிரற் சுவடு கொண்டு ஆளை அடையாளம் காணும் அலுவலகம் 1897இல் கல்கத்தாவில் அமைந்தது. அங்குப் பயன்பட்ட பகுப்புமுறையை உருவாக்கியதில் எட்வர்டு ஹென்றியுடன் அசீசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இந்தியர் இருவர்க்கும் பங்குண்டு. 1901இல் இலண்டன் ஸ்காட்லாந்து யார்டிலும் அத்தகைய அலுவலகம் ஏற்பட்டது. 1905இல்தான் இங்கிலாந்தில் கொலை வழக்கொன்றில் விரற்சுவடு கொண்டு தண்டனை விதிக்கப்பட்டது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, அச்சான்றைப் பொய்யாகப் படைக்கவும் கூடும் எனக் கதையாசிரியர் ஒருவர் எச்சரித்தார் என்பது வியப்புக்குரியது.

ஜோனஸ் ஓல்டேக்கர் என்பவன் தான் கொலையுண்டதாகத் தோற்றுவித்து, மக்ஃபார்லேன் என்னும் இளம் வழக்கறிஞர்மீது பழி விழச் செய்கின்றான். அவ்விளைஞரின் அன்னை முன்னொரு காலத்தில் தன்னை மணக்க மறுத்த பகையே காரணம். சான்று போதாதென எண்ணி, மெழுகு முத்திரையில் முன்னரே பதிந்திருந்த மக்ஃபார்லேனின் பெருவிரற் சுவட்டைப் படியெடுத்துக் குருதி தோய்த்துச் சுவரில் பதிக்கின்றான். லெஸ்டிரேடு என்னும் காவல் அலுவலர் வழக்கு முடிந்தது என மகிழ்கின்றார். ஷெர்லாக் ஹோம்ஸ் முதல் நாளே அவ்விடத்தைக் கண்டு, சுவடு இல்லை என அறிந்திருந்தார். மக்ஃபார்லேனோ முதல் நாளே சிறைப்பட்டுவிட்டார். எனவே, அவரைக் குற்றவாளியாக்க வைத்த சுவடே அவர் குற்றமற்றவர் என்பதையும், வீட்டினுள் வேறொருவர் தொழிற்படுகின்றார் என்பதையும் நிறுவிவிட்டது. விருத்தம் என்னும் போலிக்கு இதனினும் தெளிவான காட்டு வேண்டுவதில்லை.

இறுதியில் ஹோம்ஸ் வைக்கோலைக் கொளுத்தித் தீ எனக் கூவச் செய்து, மறைவறையிலிருந்த ஓல்டேக்கரை வெளிக் கொணர்கின்றார். பொய்ச்சான்று படைத்தவன் பொய்யான தீ அச்சத்தால் பிடிபடுகின்றான்.

எனினும், கதையில் ஒரு குறை உண்டு. முதல் நாள் சுவரிற் சுவடு இல்லை என்னும் செய்தியை, சுவடு வெளிப்பட்ட பின்னரே ஹோம்ஸ் வாயிலாக நாம் அறிகின்றோம். துப்பறிவோர் கண்ட சான்றைப் படிப்போர்க்கு உடனே காட்டுதல் வேண்டும் என்பது 1929இல் ரொனால்டு நாக்ஸ் வகுத்த விதிகளுள் ஒன்று. அவ்விதி கொண்டு அளப்பின், ஓல்டேக்கர் லெஸ்டிரேடை ஏமாற்றியதுடன் ஆசிரியரும் நம்மை ஒருவாறு ஏமாற்றிவிட்டார் எனல் வேண்டும். நாம் வியக்கலாம், முன்கூட்டி உய்த்துணர இயலாது.

நகர்த்தப்பட்ட நாற்காலி

அகதா கிறிஸ்டியின் ‘ரோஜர் அக்ராய்டு கொலை’ (1926) மாறான நெறியிற் செல்வது. கதை கூறுபவரான மருத்துவர் ஷெப்பர்டே கொலையாளி. அவர் பொய்ச்சான்றுகள் பல அமைக்கின்றார். இறந்தவரின் குரலைப் பேச்சுப்பதிவுப் பொறியால் ஒலிக்கச் செய்து, அவர் ஒன்பதரை மணிக்கும் உயிருடன் இருந்ததாகக் காட்டுகின்றார். ரால்ஃப் பேட்டனின் காலணியைக் கொண்டு சன்னலில் தடம் பதிக்கின்றார். பிணத்தைக் காணச் செல்லுதற்குத் தமக்கொரு தொலைபேசி அழைப்பு வருமாறும் ஏற்பாடு செய்கின்றார். பொறியை மறைக்க இழுத்து வைத்த நாற்காலியைப் பின்னர்ப் பழைய இடத்திற்குத் தள்ளிவிடுகின்றார். அவ்விடமாற்றத்தைப் பணியாளர் பார்க்கர் நினைவு கூர்ந்ததே பொய்ரோவுக்கு வழி காட்டுகின்றது.

கதை கூறுவோனே கொலையாளியாதல் முறையன்று எனப் பலர் சினந்தனர். ஆயின், நூலை மீண்டும் படிப்பார்க்கு ஓர் உண்மை புலனாகும். ஷெப்பர்டு பிறரிடம் பொய் பேசுகின்றார். நம்மிடம் எழுதுமிடத்தோ சொல்லாது விடுகின்றாரேயன்றி நிகழாததை நிகழ்ந்ததாக எழுதுவதில்லை. நாற்காலி, காலணி, தொலைபேசி, காலக் கணக்கு ஆகிய யாவும் நம்முன் வைக்கப்பட்டுள்ளன. கூறுவோனை ஐயுறுதல் கூடாது என்பது அவர் தந்த வாக்கு அன்று. நாமே கொண்ட வழக்கம். எனவே, இந்நூலிற் போலி நம் உள்ளத்திலேயே உளது.

எட்மண்ட் வில்சன் 1945இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, அக்ராய்டைக் கொன்றவர் யாராயின் யார்க்கு என்ன என வினவி, இவ்விலக்கிய வகையை இகழ்ந்தார். கொன்றவர் பெயரை அறிவதே பயனெனின் அவர் கூற்று பொருந்தும். ஆயின் இந்நூலின் பயன் அதுவன்று. நம் நம்பிக்கை எவ்வாறு உருவாகின்றது என நாமே காணுதல் ஆகும்.

பனியில் நின்ற தொடர்வண்டி

பொய்ச்சான்றின் முழுவளர்ச்சியை 1934இல் வெளிவந்த ‘ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் கொலை’யிற் காணலாம். யூகோசிலாவியாவில் பனியிற் சிக்கி நின்ற வண்டியில் ராட்செட் என்பவன் பன்னிரு குத்துக்களுடன் இறந்து கிடக்கின்றான். அறையிற் சான்றுகள் மிகுதியாக உள. ஒன்றேகால் மணியிற் நின்ற கடிகாரம், H என்னும் எழுத்துப் பொறித்த கைக்குட்டை, புகைக்குழாய் துடைக்கும் கம்பி ஆகியன கிடைக்கின்றன. வண்டிப் பணியாளர் உடையின் பொத்தானும் அகப்படுகின்றது. சான்றின் மிகுதியே பொய்ரோவுக்கு ஐயத்தை எழுப்புகின்றது.

இவற்றுட் கைக்குட்டை அநைகாந்திகத்திற்கு ஏற்ற காட்டு. அவ்வெழுத்து ஆங்கில நெறியில் ஒருவரையும், உருசிய எழுத்து முறையில் நத்தாலியா என்னும் பெயருடைய இளவரசியையும் சுட்டும். உண்மையை மறைக்கக் கடவுச்சீட்டில் வைத்த எண்ணெய்க் கறையோ விருத்தமாகின்றது. ஹெலனா என்னும் பெயரை எலனா ஆக்கிய அக்கறையே, மறைக்கப்பட்டது எது எனக் காட்டிக் கொடுக்கின்றது. கைப்பிடியிற் தொங்கிய பை தாழ்ப்பாளை மறைத்தது என ஒருவர் கூறுகின்றார். அவ்வறையில் தாழ்ப்பாள் கைப்பிடிக்கு மேலே இருத்தலின் அக்கூற்றுப் பொய்யாகின்றது. அறையில் வைக்கப்பட்ட பொருள்கள் பொய் கூற, எரிக்கப்பட்ட காகிதத் துண்டொன்றே மெய் கூறுகின்றது. அதிலிருந்த டெய்சி ஆம்ஸ்டிராங் என்னும் குழந்தையின் பெயரால் ராட்செட் யார் என்பது வெளியாகின்றது. வைக்கப்பட்டதை ஐயுறுக, அழிக்கப்பட்டதைத் தேடுக என்னும் நெறி இதனாற் பெறப்படும்.

கொலையுண்டவன் அக்குழந்தையைக் கடத்திக் கொன்று சட்டத்திற்குத் தப்பியவன். கொன்றோர் அக்குடும்பத்துடன் தொடர்புடைய பன்னிருவர். 1932இல் அமெரிக்க விமானி லிண்ட்பர்கின் குழந்தை கடத்திக் கொல்லப்பட்ட நிகழ்ச்சி இக்கதைக்குத் தூண்டுகோலாயிற்று. நூல் வெளிவந்தபோது அவ்வழக்கில் எவரும் தண்டிக்கப்பட்டிலர். படித்தோர் உள்ளத்தில் அன்றிருந்த ஆற்றாமையை இதனால் உணரலாம்.

இறுதியிற் பொய்ரோ இரண்டு முடிபுகளைக் கூறுகின்றார். வெளியாள் ஒருவன் வண்டியில் ஏறிக் கொன்று தப்பினான் என்பது ஒன்று. பன்னிருவரும் கொன்றனர் என்பது மற்றொன்று. முன்னதே காவலரிடம் கூறப்படும் என முடிவாகின்றது. பொய்ச்சான்றுகளை எல்லாம் உடைத்தெறிந்த அறிஞரே அவற்றின் மேல் எழுந்த பொய்க் கதைக்கு உடன்படுகின்றார். இது நீதியா என்னும் வினாவை ஆசிரியர் தாம் தீர்க்கவில்லை. சட்டத்திற்குப் பொய்யும் படிப்போர்க்கு மெய்யும் அளித்து, தீர்ப்பை நம்மிடம் விடுகின்றார். ஒருவன் தப்பியதற்காக வருந்திய நாம், பன்னிருவர் தப்புவதற்கு மகிழ்கின்றோம். அம்மகிழ்ச்சியை நாமே ஐயுறுதல் வேண்டும் என்பதே இந்நூலின் ஆழமான பகுதி எனக் கருத இடமுண்டு.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் போதரும். பாத்திரம் பாத்திரத்தை ஏமாற்றுதல் புதினத்தின் பொருள். ஆசிரியர் சான்றை ஒளித்துப் படிப்போரை ஏமாற்றுதல் அதன் குற்றம். திரிக்கப்பட்ட சான்று வெறும் பொய் அன்று. திரித்தவன் எதனை நாம் நம்ப விரும்பினான் என்பதற்கு அதுவே மெய்ச்சான்றாகும். சிறந்த நூல்கள் அச்சான்றினுள்ளேயே திரித்தவனின் கைச்சுவட்டையும் விட்டு வைக்கின்றன.

கற்பனைக் கதையின் பயன் கதையோடு நிற்பதன்று. மக்ஃபார்லேனைத் தூக்குமேடையின் அருகில் நிறுத்தியது ஒரு விரற்சுவடு. அது யாருடையது என்பதையே லெஸ்டிரேடு வினவினார். எப்போது, யாரால், எதன் பொருட்டு அங்கே வந்தது என ஹோம்ஸ் வினவினார். சான்று வலியதாகத் தோன்றுந்தோறும் இரண்டாம் வினாவையும் எழுப்புதல் கடமை என்பதை இவ்வகை நூல்கள் நமக்கு உணர்த்துகின்றன. அதனால் அவை ஆராய்ச்சிக்குரியன என்க.