பனிச்சறுக்குக் காலணி: ஒரு மதிப்பீடு

பனிச்சறுக்கைப் பற்றிய நம் பாடங்கள் பலகையோடு நின்றுவிடுகின்றன. பரப்பு மிகுந்தால் அழுத்தம் குறையும், ஆகவே கால் புதைவதில்லை என்று முடித்துவிடுகிறோம். சரிதான். ஆனால் அந்தப் பலகையைத் திருப்புவது எப்படி? விடை காலணியில் இருக்கிறது.

திருச்சி மலைக்கோட்டையில் இறங்கும்போது நம் கணுக்கால் படிக்குப் படி வளைந்து கொடுக்கிறது. பனிச்சறுக்குக் காலணியோ அந்த வளைவைப் பெரிதும் தடுத்துவிடுகிறது. காரணம் உண்டு. சறுக்குபவர் முன்னே சாய்ந்து, கணுக்காலுக்கு 20 செ.மீ. மேலுள்ள காலணி விளிம்பை 200 நியூட்டன் விசையுடன் அழுத்துவதாகக் கொள்வோம். 40 நியூட்டன்-மீட்டர் திருப்புத்திறன் கிடைக்கிறது. பலகையின் முன்பகுதி பனியை அழுத்துகிறது. முழங்காலைப் பக்கவாட்டில் சாய்த்தால் பலகையின் ஓரம் பனியைக் கவ்வுகிறது. தோல் காலணி வளைந்துவிடுவதால் இவ்வளவு துல்லியம் அதில் கிட்டாது.

1960-களில் அமெரிக்கரான பாப் லாங்கே கெட்டியான பிளாஸ்டிக் காலணியைக் கொண்டுவந்தார். 1964-இல் இன்ஸ்புருக் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெரமி புஜகோவ்ஸ்கி இந்தியாவின் முதல் வீரராகச் சறுக்கினார். 2022-இல் பெய்ஜிங்கில் காஷ்மீரத்து ஆரிஃப் கான் போட்டியிட்டார். இடைப்பட்ட காலத்தில் தோலின் இடத்தைப் பிளாஸ்டிக் முழுவதுமாகப் பிடித்துக்கொண்டது.

இந்த மாற்றத்தை வெற்றி என்று மட்டும் சொல்லலாமா? ஸ்ரீரங்கத்து வீதியில் கணுக்காலில் மாவுக்கட்டுடன் நடப்பவரைக் கவனியுங்கள். கணுக்கால் செய்யாத வேலையை முழங்காலும் இடுப்பும் செய்கின்றன. சறுக்குமலையிலும் இதுவே நடந்தது. கெட்டிக் காலணியால் கணுக்கால் முறிவுகள் குறைந்தன. விழும்போது பலகையிலிருந்து காலணியை விடுவிக்கும் பூட்டு, கீழ்க்கால் எலும்பு முறிவையும் குறைத்தது. ஆனால் முழங்காலின் உள்ளே எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் அறுபடுவது பெருகியது. பின்னோக்கிச் சாய்ந்து தரையிறங்கினால், காலணியின் வளையாத பின்சுவரே கீழ்க்கால் எலும்பை முன்னே தள்ளி அந்த நாரை இழுக்கிறது. பூட்டோ முக்கியமாகக் கீழ்க்கால் எலும்பைக் காக்கவே அமைக்கப்பட்டது. முழங்காலை அது நம்பகமாகக் காப்பதில்லை.

ஆகவே, பலகையைத் திருப்பும் கருவியாக இக்காலணி முதல்தரமானது; கவசமாகப் பாதி வெற்றியே. விசையை அது அழிக்கவில்லை, இடம் மாற்றியது. எந்தச் சாதனத்தையும் "பாதுகாப்பானது" என்று ஒருவர் புகழ்ந்தால், மாணவர்கள் ஒன்று கேட்கவேண்டும்: தடுக்கப்பட்ட விசை எங்கே போயிற்று?