சமஸ்தான இணைப்பும் கல்வராயன் மலை ஜாகிர்களும்

கல்வராயன் மலை 1976இல்தான் இந்தியாவுடன் இணைந்தது என்ற கூற்று சில ஆண்டுகளாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதைத் தொடர்ந்து சென்னை உயர்நீதிமன்றம் அருகிலுள்ள கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அதன்பின் அந்தக் கூற்று இன்னும் வலுப்பெற்றது. வல்லபாய் படேல் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை இணைத்தபோது இந்த மலை மட்டும் விடுபட்டுவிட்டது என்பது அதன் சாரம். மலைமக்கள்மீது கொண்ட பரிவால் சொல்லப்படுவதால் அதை யாரும் மறுப்பதில்லை. ஆனாலும் அது தவறானது. பொறுப்பு யாருடையதோ அவர்களை விடுவித்துவிடுகிறது என்பதால் தீங்கானதும்கூட.

சென்னை மாகாணத்தோடு அரசியல் தொடர்பு கொண்டிருந்த சமஸ்தானங்கள் ஐந்து: திருவிதாங்கூர், கொச்சி, புதுக்கோட்டை, பங்கனப்பள்ளி, சந்தூர். கல்வராயன் இந்தப் பட்டியலில் என்றும் இருந்ததில்லை. மலையின் மேற்கே ஆத்தூர்ப் பக்கத்துச் சமவெளி 1792இன் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. கிழக்கே தென்னார்க்காடு 1801இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து போனது. அன்றுமுதல் மலை பிரிட்டிஷ் மாவட்டங்களுக்குள்ளேயே இருந்தது. சடையகவுண்டன், குறும்பகவுண்டன், ஆரியகவுண்டன் ஆகியோர் பெயரால் வழங்கிய மூன்று ஜாகிர்களும் மாகாண அரசு ஒப்புக்கொண்ட மானிய நிலங்கள். கிருஷ்ணதேவராயர் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தவை என்பது ஜாகிர்தார் குடும்பங்களின் மரபு. மரபு எதுவாயினும், 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்த மலை இந்திய டொமினியனின் மண். அதை இணைக்க எந்தக் கையெழுத்தும் தேவைப்படவில்லை.

சமஸ்தான இணைப்பின் சாதனை பெரியது. அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. படேலும் அவருடைய துறைச் செயலர் வி.பி.மேனனும் இரண்டே ஆண்டுகளில் 216 சமஸ்தானங்களை மாகாணங்களோடு சேர்த்தார்கள், 61ஐ மத்திய ஆட்சிப் பகுதிகளாக்கினார்கள், 275ஐ ஒன்றியங்களாக்கினார்கள். ஜூனாகத், ஐதராபாத், காஷ்மீர் நீங்கலாகப் பெரும்பாலும் பேச்சுவார்த்தையே போதுமானதாக இருந்தது. 1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு சேர்ந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. 1956 நவம்பர் 1இன் மொழிவழி மறுசீரமைப்பும் அந்த வேலையின் தொடர்ச்சிதான். கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழர் கைக்கு வந்ததையும், 1960இல் திருத்தணி திரும்பியதையும் குறைத்து மதிப்பிட முடியாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இணைப்பு என்பது ஆள்வோரோடு ஆள்வோர் நடத்திய பேரமாக இருந்தது. எந்த அரசருக்குப் பிரிட்டிஷ் அரசு மணிமுடியை ஒப்புக்கொண்டிருந்ததோ அவரோடு பேசினார்கள். அவர் கையெழுத்திட்டார், அரசுரிமையைத் துறந்து மானியத்தொகை பெற்றார். சுமார் 160 சதுர மைல் பரப்புள்ள சந்தூருக்கும் அந்த மரியாதை கிடைத்தது. அதைவிடப் பெரிய கல்வராயன் மலைத்தொடரில் குடிகளை நடைமுறையில் ஆண்டுவந்தவர்களோடு பேச வேண்டிய அவசியம் எழவில்லை, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அங்கே அரசர் எவருமில்லை. அரசர் இல்லாத இடத்தில் குடியரசு ஏற்கெனவே இருப்பதாக எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணிப்பின் விலையை மலைமக்கள் ஒரு தலைமுறை முழுக்கக் கொடுத்தார்கள்.

ஜாகிர் ஆட்சி என்பது வெறும் வரிவசூல் உரிமையாக நிற்கவில்லை. நிலத்தை உழுதவருக்கு அரசிடம் பட்டா இல்லை. பயிர்செய்வதற்கான உரிமை ஜாகிர்தாரின் ஒப்புதலில் நின்றது. சமவெளியில், உழுதவரே நேரடியாக அரசுக்கு வரி செலுத்தும் ரயத்துவாரி முறை நூறாண்டுகளுக்கு மேலாக வழங்கிவந்த தாலுக்காவின் விளிம்பிலேயே இது நடந்தது. அடிவாரத்திலிருந்து கள்ளக்குறிச்சி ஒன்றும் கண்ணுக்கெட்டாத தொலைவில் இல்லை. கோமுகியும் மணிமுக்தாவும் மலையிலிருந்து இறங்கிச் சமவெளி வயல்களுக்குப் பாய்கின்றன. கோமுகிக்கு அரசு அணையும் கட்டியது. மேலிருந்து வந்த நீரை அளந்து கணக்கிடத் தெரிந்த நிர்வாகம், மேலே இருந்த நிலத்தை அளந்து உழுதவர் பெயரில் எழுதவில்லை.

ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் நிலைமை தெளிவாகும். 1948இல் புதுக்கோட்டை அரசு முடிந்தது. அதே ஆண்டில் நிறைவேறிய ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் இராமநாதபுரம், சிவகங்கை போன்ற பெரும் ஜமீன்கள் 1949 முதல் அரசு வசமாயின. 1971இல் முன்னாள் அரசர்களின் மானியத்தொகையும் பட்டமும் ரத்தாயின. கல்வராயன் ஜாகிர்கள் 1963இன் இனாம் ஒழிப்புச் சட்டங்களையும் அவற்றை எதிர்த்த வழக்குகளையும் கடந்து 1976வரை நீடித்தன. புதுக்கோட்டைத் தொண்டைமானின் அரியணை போய் 28 ஆண்டுகள், இந்தியாவின் கடைசி மகாராஜா சலுகை இழந்து ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்துக் குடியானவர் அரசின் நேரடிக் குடியானார். மன்னராட்சியின் கீழ் இருந்தவர் முந்திக்கொள்ள, மாகாண ஆட்சியின் கீழ் இருந்தவர் பிந்திப்போனார்.

நிலச்சட்டங்கள் மெதுவாகத்தான் நகரும், சொத்துரிமை வழக்குகளை அரசு எப்படித் தவிர்க்க முடியும் என்று இதற்குச் சமாதானம் சொல்வதுண்டு. அது ஏற்கத்தக்கதன்று. 1951இன் முதல் அரசியலமைப்புத் திருத்தம் 31ஏ பிரிவைச் சேர்த்தபோது, அரசு எடுத்துக்கொள்ளக்கூடிய எஸ்டேட் என்பதற்குள் ஜாகிரையும் இனாமையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. கருவி 25 ஆண்டுகள் கையில் இருந்தது. காங்கிரஸ் அமைச்சரவைகளும் பின்னர் திமுக அமைச்சரவைகளும் வந்து போயின. ஜாகிர்கள் அரசு வசமான 1976இலோ, ஜனவரி இறுதியிலிருந்து தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி. நாடெங்கும் நெருக்கடி நிலை. மாவட்டத்துக்குள்ளேயே இருந்த மலையைப் படேல் கைவிட்டுவிட்டார் என்று சொல்வது, சென்னையில் ஆண்ட அத்தனை பேரையும் கேள்வியிலிருந்து தப்பவிடுகிறது.

மறுசீரமைப்பின் அளவுகோலும் மலைக்குப் பொருந்தாதது. பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரடங்கிய ஆணையம் 1955இல் தந்த அறிக்கை இந்தப் பகுதியில் தெலுங்கு எது, தமிழ் எது, மலையாளம் எது என்று பார்த்தது. கல்வராயன் மலைவாழ் மக்கள் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடியினர்; பேசுவது தமிழ். எனவே அவர்களைப் பற்றி எந்தச் சச்சரவும் எழவில்லை. சச்சரவு எழாத இடத்தில் கவனமும் விழவில்லை. 1792, 1801 ஆகிய இரு கைமாற்றங்களின் தடத்தில் மலைமேல் ஓடிய சேலம் - தென்னார்க்காடு எல்லைக்கோட்டை எந்த ஆணையமும் எடுத்துப் பார்க்கவில்லை. அது மாநிலத்தின் உட்கோடு என்று விட்டுவிட்டார்கள்.

அந்த உட்கோடு செய்யும் வேலை சிறியதன்று. மேற்கே கருமந்துறையைச் சேர்ந்த பகுதி ஏற்காடு சட்டமன்றத் தொகுதியில் வருகிறது. அது பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. கிழக்கே வெள்ளிமலைப் பகுதி சங்கராபுரத்தில் வருகிறது, அது பொதுத்தொகுதி. ஒரே இனம், ஒரே மலை, உறவுமுறையும் கொள்வினை கொடுப்பினையும் பொது. ஆனால் ஒரு பக்கத்தவர் தம்மில் ஒருவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பலாம். மறுபக்கத்தவர் சமவெளி வாக்குகளுக்கு இடையே கரைந்துபோகிறார்கள்.

பழங்குடிப் பட்டியலும் இதே நோயால் பீடிக்கப்பட்டது. மலையாளி இனம் தர்மபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் மட்டும் பழங்குடி என்று பட்டியல் சொல்கிறது. கல்வராயன் தப்பியது. பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் விழுந்த பர்கூர் மலையின் மலையாளிகள் அந்தச் சான்றிதழுக்காக இன்றும் போராடுகிறார்கள். ஒருவர் பழங்குடியா இல்லையா என்பதை அவர் பிறப்பும் வாழ்வும் தீர்மானிக்க வேண்டும். இங்கே கலெக்டர் அலுவலகத்தின் எல்லை தீர்மானிக்கிறது.

இவற்றுக்கெல்லாம் ஈடாக அமையக்கூடியது அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை. பழங்குடிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் நிலம் கைமாறுவதை ஆளுநர் ஒழுங்குபடுத்தலாம். அந்தப் பகுதிகளுக்குப் பஞ்சாயத்து முறையை விரித்த 1996இன் பெசா சட்டம் கிராமசபைக்குக் கூடுதல் அதிகாரம் தருகிறது. பத்து மாநிலங்களில் அப்படிப்பட்ட பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் சென்னை மாகாணத்தின் கோதாவரி, விசாகப்பட்டினம் ஏஜென்சி மலைகள் தனிப்பகுதிகளாக நடத்தப்பட்டன, தமிழ் மலைகள் நடத்தப்படவில்லை. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது ஏஜென்சியும் அதற்கான சட்டப் பழக்கமும் அங்கே போய்விட்டன. எஞ்சிய மாகாணத்துக்கு மலைநிலத்தைத் தனியாக ஆளும் பழக்கமே இல்லாமல்போனது. வனஉரிமைச் சட்டம் 2006இல் வந்தும், உயர்நீதிமன்றத்தின் இடைக்கால ஆணை காரணமாக 2008 முதல் பல ஆண்டுகள் உரிமைப் பட்டயம் வழங்குவது இங்கே முடங்கிக் கிடந்தது.

பழையதைச் சரிசெய்யும் வாய்ப்பு 2019இல் வந்தது. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்து நவம்பர் 26 அன்று செயல்படத் தொடங்கியது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன் மலைக்கெனத் தாலுக்காவும் அமைந்தது. இனி தாசில்தாரைப் பார்க்க மலையிறங்க வேண்டியதில்லை. அது மக்களுக்கு உண்மையான ஆதாயம். ஆனால் பிரிவினை விழுப்புரம் மாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே நடந்தது. மலையின் மேற்குப் பகுதிகளான சின்னக் கல்வராயனும் பெரிய கல்வராயனும் சேலம் மாவட்டத்திலேயே தங்கின. தாலுக்காவுக்கு மலையின் பெயர் கிடைத்தது; மலையின் பாதி கிடைக்கவில்லை. மேற்குப் பகுதியையும் சேர்த்து ஒரே நிர்வாக அலகாக்குவதற்கும், அந்த அலகை ஐந்தாம் அட்டவணையில் சேர்க்கும்படி மாநில அரசு குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைப்பதற்கும் சட்டத்தில் தடையேதுமில்லை. 1951 முதல் 1976 வரை ஜாகிர்களை ஒழிக்கத் தடை இல்லாமலிருந்ததைப் போலவே.